நிரம்பாத கிடங்கு

பனங்களியின் வாசனைக்குள் இன்னொரு வாசனை ஒளிந்திருக்கும். மழையில் நனைந்த இரும்புக் கேற்றுக் கதவில் மூக்கை வைத்தால் வருமே, அந்த வாசனை. இரண்டும் கலந்ததுதான் என் அப்பா. வேலை முடிந்து வருகிறவர் நேரே வீட்டுக்குள் வரமாட்டார். படலைக்கு வெளியே, கிடுகுவேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, அம்மா நிறைத்து வைத்திருக்கும் இரண்டு வாளித் தண்ணீரில் உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக் கழுவுவார். ஒரு கட்டிச் 'சவுக்காரத்துக்கு', அதுதான் சோப்புக்கு, ஊரே அலைந்த போர்க்காலம் அது. ஆவணி, புரட்டாதியில் பழுத்து விழும் பனம்பழத்தின் களி, மற்ற மாதங்களில் அடுப்புச் சாம்பல், அதுவுமில்லாவிட்டால் வெறும் தேங்காய்த்தும்பு. எங்கள் ஒழுங்கையின், அந்தச் சிறு சந்தின், நாய்கள் அத்தனையும் அவரது சைக்கிளின் பின்னால் ஊர்வலமாக வந்து, அவர் குளித்து முடியும்வரை படலையடியில் மரியாதையாகக் குந்தியிருக்கும்.

"உங்கடை சொந்தக்காரர் வந்து நிக்கினம். தேத்தண்ணி குடுக்கட்டோ?" என்று அம்மா உள்ளே நின்று கேட்பார்.

"இருக்கச் சொல்லும்" என்பார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

அப்பா மாடு அறுக்கிற 'மடுவத்தில்' ஓவசியராக இருந்தார். கத்தி பிடிக்கிற வேலை அல்ல. வந்த மாடு நோயில்லாததா, அறுத்த பின் தரை கழுவினார்களா, கழித்துப் போட்டது எங்கே போகிறது என்று பார்க்கிற வேலை. மாட்டில் மனிதன் தின்றது போக மிச்சமிருப்பதுதான் அப்பாவின் உத்தியோகம். யாழ்ப்பாணப் பட்டினத்தின் ஓரத்தில், கடல்நீரேரிக்குக் கிட்ட, எங்கள் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி அந்த மடுவம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் 'மடுவத்தாற்றை பெட்டை', மடுவக்காரரின் பெண். பத்து வயதில் அந்தப் பெயர் சுட்டது. ஆனால் மாலையில் படலையடியில் நுரையில்லாமல் தேய்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒல்லி மனிதரைப் பார்த்ததும் ஆறிவிடும்.

அந்த மிச்சத்துக்கு முன்பெல்லாம் ஒவ்வொரு வழி இருந்தது. தோல் உப்புப் பூசிக்கொண்டு வியாபாரியிடம் போகும். எலும்பும் கொம்பும் குவிந்து காய்ந்து இன்னொருவரிடம் போகும். இரத்தம் மணல் பாத்தியில் வற்றி, கறுத்துப் பொருக்காகி, தென்னைகளின் அடிக்குப் போகும். வயிற்றுக்குள் பாதி செரித்துக் கிடக்கும் புல்லைக் கூட யாரோ வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். ஒருவருக்கும் வேண்டாத கடைசி மிச்சம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, குடிமனை இல்லாத கரைவெளிக்குப் போகும். அங்கே பருந்துகள் வட்டமிட, காகங்கள் சண்டைபிடிக்க, உடும்புகள் ஈச்சம்பற்றைக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிப் பார்க்க, மாலைக்குள் வெளி வெறுமையாகிவிடும். எல்லாம் சுத்தம் என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் கரைவெளியிலிருந்து கொழுப்பு வழிந்து வலையில் ஒட்டுகிறது என்று குருநகர்ச் சம்மாட்டி ஒருவர் மடுவத்து வாசலில் வந்து நின்று அப்பாவின் தாய் தகப்பனையெல்லாம் விசாரித்திருக்கிறார். அப்பாவும் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, அடுத்த நாளே கரையோரம் மண் அணை போடுவித்தார்.

இந்த வழிகளையெல்லாம் கைக்குள் வைத்திருந்தவர்கள் தலைமுறையாக மடுவத்தில் வேலைசெய்த முஸ்லிம் ஆட்கள், எங்கள் வாயில் 'காக்காமார்', அதாவது அண்ணன்மார். எதை எங்கே வைப்பது, எதை எதோடு சேர்க்கக்கூடாது என்பது அவர்களுக்குக் கையால் தெரியும். எந்தப் புத்தகத்திலும் அவர்கள் எழுதி வைக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், துப்பாக்கியோடு வந்த இயக்கக்காரர் அவர்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். உடுத்த உடுப்போடு போனார்கள். மடுவம் பூட்டிக் கிடந்த அந்த நாளிலும் அப்பா படலையடியில் நின்று இரண்டு வாளியும் முடியும்வரை கழுவினார். நாய்கள் ஏமாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

போனவர்களோடு வேறென்ன போயிற்று என்பது எங்களுக்கு உடனே தெரியவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு வெட்டத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். தோல் வாங்கியவரும் எலும்பு வாங்கியவரும் போரில் பாதை அடைபட்டு வராமல் நின்றார்கள். தை மாதமளவில் டீசலும் இல்லாமல் போக, உழவு இயந்திரம் மடுவத்து மதிலோரம் கோழிகள் அடையும் இடமாயிற்று. கரைவெளிக்குக் கொண்டுபோக வழியில்லை. அப்போதுதான் மடுவத்துக்குப் பின்னாலிருந்த கல்லுக்கிடங்கு எல்லோருடைய கண்ணிலும் பட்டது. எந்தக் காலத்திலோ வீடுகட்டச் சுண்ணக்கல் கிண்டியெடுத்த பள்ளம்; இரண்டு ஆள் ஆழம், வெட்டும் செலவில்லை, தூக்கும் செலவில்லை. குடல், இரத்தம், கழுவின தண்ணீர் எல்லாம் ஒன்றாகப் போகட்டும், மேலே மண் தூவினால் சரி என்று அப்பா முடிவுசெய்தார்.

அந்தக் கிடங்கு அப்பாவின் பெருமையாயிற்று. சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அதைப்பற்றிக் கதைப்பார். அம்மா முகத்தைச் சுழிப்பார்.

"நாலு மாசமாப் போடுறம். ஒரு முழம் ஏறேல்லை. அவ்வளவு நல்ல கிடங்கு."

"சோத்துக்கு முன்னாலை வேறை கதை இல்லையே உங்களுக்கு?"

"நல்ல விசயத்தை எங்கையிருந்தும் கதைக்கலாம்."

உண்மையில் எல்லோருக்கும் சந்தோசம்தான். கரைவெளியில் நாற்றம் இல்லை. வலையில் கொழுப்பு இல்லை. கூரைகளில் எலும்பைப் போட்டுவிட்டுப் போகும் காகங்கள் இல்லை. பருந்துகள் ஒரு வாரம் வந்து வட்டமிட்டுப் பார்த்துவிட்டு எங்கோ போய்விட்டன. வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. அந்தப் பறவைகளின் வயிற்றுக்குள் போனது இப்போது எதன் வயிற்றுக்குள் போகிறது என்று அந்தக் கோடை முழுக்க ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் கிணற்றைப்பற்றிச் சொல்லவேண்டும். கடல்நீரேரிக்குக் கிட்டவுள்ள ஒழுங்கைகளில் கிணறு வெட்டினால் பெரும்பாலும் உப்புக் கரிக்கும் 'சவர்த்தண்ணி'தான் வரும், பருப்பு வேகாது, தேத்தண்ணி திரையும். அந்த வரிசையில் ஒரு காணிக்கு மட்டும் எப்படியோ நல்ல தண்ணீர் வாய்த்திருந்தது. அந்தக் காணி அம்மாவின் சீதனம். குருநகரில் பிறந்த ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பெண், நகையும் காசும் அதிகம் இல்லாமல், நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றோடு கலியாணம் கட்டி வந்தார். அதனால் ஒழுங்கையில் அவருக்குத் தனி மரியாதை. விடியலிலிருந்து பத்து மணிவரை எங்கள் முற்றத்தில் குடங்களின் சத்தம்தான். யாருக்கு எப்போது பிள்ளை பிறக்கும், யாருடைய மகன் கப்பல் ஏறினான், யார் யாரோடு கதைப்பதில்லை என்பதெல்லாம் அந்தக் கப்பியின் கிரீச்சலுக்கு நடுவில் அம்மாவின் காதுக்கு வந்து சேரும். அம்மா அதிகம் வெளியே போகாதவர். அவருக்கு உலகம் கயிற்றில் ஏறி வந்தது.

கார்த்திகை மாரி அந்த வருடம் பலமாகப் பிடித்தது. கிணற்றில் தண்ணீர் மளமளவென்று ஏறி, குனிந்து செம்பால் அள்ளுமளவுக்கு வந்தது. எனக்குக் கொண்டாட்டம். ஒருநாள் காலை, நுளம்புக் குடம்பிகளை, கொசுப் புழுக்களை, தின்னவென்று நாங்கள் விட்டிருந்த சின்ன மீன்கள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. அம்மா அவற்றை வாளியால் அள்ளி எடுத்தார். வாளியின் விளிம்பில், தண்ணீரை ஊற்றிய பிறகும், ஒரு மெல்லிய நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் தேத்தண்ணியில் ஒரு வழுவழுப்பு. அதற்கடுத்த நாள் சோற்றில் அந்த வாசனை, இரும்புக் கேற்றின் வாசனை. ஒரு பிடி சோற்றை மூக்கருகே கொண்டுபோய் அம்மா திரும்பத் திரும்ப மணந்தது நினைவிருக்கிறது. அப்பாவின் உடம்பில் பழகிப்போன வாசனையைத்தான் அவர் சோற்றில் அடையாளம் கண்டார்.

அதற்குள் ஒழுங்கையும் மணந்து பிடித்துவிட்டது. முதலில் இரண்டு குடம் குறைந்தது. பிறகு நாலு. எதிர்வீட்டு றோசலின் அக்காவின் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் பிடித்து, ஆசுபத்திரியில் மூன்று நாள் கிடந்து, கண்ணுக்குழி விழுந்து திரும்பி வந்தது. றோசலின் அக்கா வெறும் குடத்தோடு வந்து எங்கள் கிணற்றுக் கட்டில் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"அக்கா, நான் உங்களோடை கோவம் இல்லை. ஆனால் இனி இஞ்சை அள்ளமாட்டன்."

அன்று பத்து மணிக்கு முன்பே முற்றம் காலியாகக் கிடந்தது. கப்பியில் ஒரு காகம் வந்து இருந்தது.

அப்பா வேலைக்குப் போகாத ஞாயிறு அது. தேவாலயப் பூசை முடிந்து வந்து வெள்ளைச் சேட்டுப் போட்டபடி இருந்தவருக்கு முன்னால் அம்மா ஒரு செம்பு தண்ணீரை வைத்தார்.

"மணந்து பாருங்கோ."

"மாரித் தண்ணி எண்டால் கொஞ்சம் அப்பிடித்தான் இருக்கும்."

"இது உங்கடை மணம்."

"என்னப்பா கதைக்கிறீர்? கிடங்கு எங்கை, கிணறு எங்கை. மூண்டு ஒழுங்கை."

அம்மா குரலை உயர்த்தவில்லை. அவர் சொன்னது மட்டும் முப்பது வருடத்துக்கு மேலாகியும் எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது.

"வருசம் முடியப்போகுது, போட்டுக்கொண்டே இருக்கிறியள். நிரம்பேல்லை, நிரம்பேல்லை எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சியள். நிரம்பாத கிடங்கு அவ்வளத்தையும் எங்கை கொண்டுபோய் வைக்குது? அந்தக் காக்காமார் பக்கத்திலை அவ்வளவு பெரிய பள்ளத்தை வைச்சுக்கொண்டு, கரைவெளிவரை ஏன் காவித் திரிஞ்சவை? விசரே அவையளுக்கு?"

அப்பா செம்பைப் பார்த்தார். பிறகு எழுந்து, வெள்ளைச் சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, மண்வெட்டியோடு கிடங்குக்குப் போனார். அம்மா பின்னால் போக, நான் அம்மாவின் பின்னால் போனேன். முதல்நாள் பகல் முழுக்க அடைமழை. அந்தப் பள்ளம் குளமாக நின்றிருக்க வேண்டும். நின்றது சேறு மட்டுந்தான். அப்பா மூக்கில் துவாயைக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு மூலையில் கிண்டிக்கொண்டே போனார். சுண்ணக்கல்லில் ஒரு வாய் திறந்திருந்தது, என் தலை போகுமளவு. அப்பா அதற்குப் பக்கத்தில் குந்தினார். அதற்குள்ளிருந்து குளிர்ந்த காற்று வருகிறது என்று பிறகு சொன்னார். தண்ணீர் ஓடுகிற சத்தமும் கேட்டதாம். எங்கள் மண் ஒரு சாண் மண். அதற்குக் கீழே முழுக்க அரித்த கல், கல்லுக்குள்ளே ஓட்டை, ஓட்டைக்குள்ளே மழை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் பாடமாக்கி எழுதிய சங்கதி. அப்பாவும் ஒரு காலத்தில் எழுதியிருப்பார். மேலே நின்ற அம்மாவை அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில், பரீட்சையில் பிழைவிட்ட பிள்ளையின் முகம் இருந்தது.

அவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் புருசன்மார் அப்படிக் கேட்கிறதில்லை. அவர் செய்தது வேறு. படலையடியில் கழுவி, அந்த வெள்ளைச் சேட்டையே திரும்ப மாட்டிக்கொண்டு, மூன்று ஒழுங்கைக்கும் நடந்தார். கிணறுள்ள வீடு, கிணறில்லாத வீடு என்று பார்க்காமல் ஒவ்வொரு படலையிலும் தட்டினார்.

"மடுவத்துக் கிடங்காலை தண்ணி பழுதாப்போச்சு. போடச் சொன்னது நான்தான். நான் சொல்லும்வரை காய்ச்சாமல் ஒருத்தரும் குடியாதையுங்கோ."

சிலர் திட்டினார்கள். ஒரு கிழவர் நாயை அவிழ்த்துவிட்டார். நாய் ஓடிவந்து அப்பாவின் காலை நக்கியது. றோசலின் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டு, "இவனுக்கும் சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றார். அப்பா குனிந்து, ஒரு வயதுகூட ஆகாத அந்தப் பிள்ளைக்கு முதலிலிருந்து முழுவதையும் திரும்பச் சொன்னார்.

சொன்னால் போதாதே. நாளைக்கும் மடுவத்தில் மாடு அறுப்பார்கள். வட்டுக்கோட்டைப் பக்கம் வெங்காயம் செய்கிற சின்னத்தம்பி அண்ணையைத் தேடி அப்பா சைக்கிள் மிதித்தார். யூரியா உள்ளே வராத காலம். தோட்டக்காரர்கள் பசளைக்குத் தவித்தார்கள். சின்னத்தம்பி அண்ணை மரக்கறிச் சாப்பாட்டுக்காரர். நெற்றியில் முப்பட்டைத் திருநீறு இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர், மடுவத்துக் கழிவைப் பசளையாக ஏற்ற ஒற்றைமாட்டு வண்டியோடு வந்து சேர்ந்தார்.

ஒழுங்கை முகப்பிலேயே மாடு நின்றுவிட்டது. மூக்கை உயர்த்திக் காற்றைப் பிடித்து, ஒரு கதறல். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பக்கத்து வளவு மாடுகள் பதில் சொல்லின. ஆடுகளும் சேர்ந்துகொண்டன. ஒழுங்கை முழுக்க வேலியடியில் கூடிவிட்டது.

"ஓவசியர், என்ரை மாடும் சைவம்" என்றார் சின்னத்தம்பி அண்ணை.

"அண்ணை, வெங்காயம்?"

"வெங்காயத்துக்குச் சமயம் இல்லை. உது மாடல்லோ, தன்ரை சனத்தின்ரை ரத்தம் உதுக்குத் தெரியும்."

"மாட்டுக்கு மூக்கிருக்கு. சில ஓவசியர்மாருக்குத்தான் இல்லை" என்றார் வேலிக்கு மேலால் றோசலின் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், முதல்முறையாக, அந்த வாரத்தில்.

வழி சொன்னது அம்மா. கடல்நீரேரியில் கரையொதுங்கும் 'சாதாளை' என்ற கடற்புல் அவருக்குப் பிறந்த வீட்டு மணம். "அடியிலை சாதாளை, நடுவிலை உங்கடை சாமான், மேலை திரும்பவும் சாதாளை. அது அழுகி நாறினால் அதுக்கு மேலை உலகத்திலை வேறை நாத்தம் இல்லை." அப்படியே செய்தார்கள். மாட்டைப் பெருந்தெருவில் கட்டிவிட்டு, வண்டியை ஆட்களே மடுவம்வரை இழுத்துப்போய், அடுக்கி, மூடி, திரும்ப இழுத்துவந்து பூட்டினார்கள். மாடு ஒருமுறை மோந்து பார்த்தது, தும்மியது, நடந்தது. அடுத்த போகத்தில் அந்த வெங்காயம் பிள்ளைகளின் கைமுட்டியளவு பருத்தது என்று சின்னத்தம்பி அண்ணை ஒரு பிடி கொண்டுவந்து தந்தார். அப்பா கல்லின் வாயைக் களிமண்ணும் சுண்ணாம்பும் கல்லும் போட்டு அடைத்தார். அதன் பிறகு அந்தக் கிடங்குக்குள் ஒரு வாளி கூட ஊற்ற அவர் விடவில்லை.

மாசியில் மழை விட்டதும் கிணற்றை இறைத்தோம். இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. வாளியும் கயிறும் கைகளும்தான். திட்டிய வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அப்பா உள்ளே இறங்கித் தும்பால் சுவரைத் தேய்க்க, மேலே எழுந்த தண்ணீர் முதலில் சாம்பலாக, பிறகு பாலாக, மூன்றாம் தடவை இறைத்து ஊறவிட்டபோது ஒன்றுமாக இல்லாமல் வந்தது. ஒன்றுமாக இல்லாத தண்ணீரை எட்டிப் பார்க்க மனிதர்கள் அப்படி முண்டியடித்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. அம்மா முதல் செம்பை அள்ளித் தன் வாய்க்குக் கொண்டுபோனார். அப்பா கையைப் பிடித்தார்.

"பொறும். கிடங்கு என்ரை."

முழுச் செம்பையும் அண்ணாந்து குடித்தார்.

"என்ன மாதிரி?" என்று யாரோ கேட்டார்கள்.

"குளிருது."

"மூண்டு நாள் பாப்பம்" என்றார் றோசலின் அக்கா. "ஓவசியர் எழும்பி நடந்தால் நாங்களும் குடிப்பம்."

மூன்று நாளும் அப்பா சைக்கிளில் போகும்போதும் வரும்போதும் ஒழுங்கை அவரது வயிற்றை விசாரித்தது. அம்மா அவர் கொல்லைக்குப் போகும் தடவைகளை எண்ணினார். நாலாம் நாள் விடிய, கப்பி கிரீச்சிட்ட சத்தத்தில் நான் எழும்பினேன். றோசலின் அக்கா அள்ளிக்கொண்டு நின்றார். அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடிப்போய், அவரோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தார், ஒரு குடத்துக்கு இரண்டு பேர் தேவையில்லாவிட்டாலும்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்க எல்லோரும் ஊரைவிட்டு நடந்தோம். திரும்பி வந்தவர்களில் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். றோசலின் அக்கா கனடாவில் இருக்கிறார். இன்று அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. மடுவம் இருந்த இடத்தில் அந்த மதில்கூட இல்லை, கல்லுக்கிடங்கை நிரப்பி ஒருவர் மாடிவீடு கட்டியிருக்கிறார். கிணறு இருக்கிறது, வலை போட்டு மூடி, மோட்டாரோடு. தண்ணீர் பூக்கன்றுகளுக்கு மட்டும். பரிசோதித்தவர்கள் குடிக்கவேண்டாம் என்றார்கள். எதனால் என்று கேட்டேன். மலக்குழி, வாகனக் கராச் எண்ணெய், தோட்டத்து உரம், இறைச்சிக் கழிவு, எல்லாம்தான் என்றார்கள். எல்லாம்தான் என்று சொன்னால் நான் யாருக்கு முன்னால் செம்பைக் கொண்டுபோய் வைப்பது.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது காலையில் கடல்நீரேரிக் கரைத் தெருவால் நடந்தேன். தண்ணீர் விளிம்பில் கறுப்புப் பொலித்தீன் பைகள் பத்துப் பன்னிரண்டு. ஒன்றைக் காகங்கள் கிழித்துவிட்டிருந்தன. குடலும் தோலும் வழிந்து, கண்டல் மரங்களின் வேர்வரை வந்து, அலையோடு போய்க்கொண்டிருந்தது. மற்றவற்றின் வாய் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது, இரட்டை முடிச்சு, கவனமான ஒரு கை கட்டிய முடிச்சு. சைக்கிளில் வந்த இளைஞனை மறித்து, "ஆர் தம்பி உதுகளைப் போடுறது?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும் அக்கா" என்றான். அவன் முகத்தில் பொய் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு மிதித்துப் போனான்.

தெருவின் மறுபக்கத்தில் வீடுகள் வரிசையாக இருந்தன, எல்லாம் புதுக் கேற்றுகள், எல்லாம் சாத்தியிருந்தன. எந்தக் கேற்றைத் தட்டுவது என்று தெரியாமல் நான் அங்கேயே நின்றேன்.